வேடந்தாங்கல் ஒரே நாளில்: மாமியார் மூட்டுவலி, பையன் பொறுமை, இரண்டுக்கும் ஒத்துவருமா?

வேளச்சேரி மூணாவது மாடி:

வணக்கம். காணும் பொங்கல் கூட்டமெல்லாம் அடங்கின பிறகு வரும் ஞாயிறு, ஒரே ஒரு நாள் சென்னையை விட்டு வெளியே போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், மூன்றாவது படிக்கும் பையன், அப்புறம் 71 வயது மாமியார். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சமதரை என்றால் மெதுவாக நடந்துவிடுவார், படி என்றால் யோசிப்பார்.

ரிசார்ட், தீம் பார்க், கடற்கரை எதுவும் வேண்டாம். போன வருஷம் கடற்கரைப் பக்கம் போய், காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, வழியெல்லாம் வண்டி வரிசையில் நின்று, பார்க்கிங் தேடி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து, பையன் காரிலேயே தூங்கி, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இதுக்கு மொட்டை மாடியில பாய் போட்டு உக்காந்திருக்கலாம்மா."

அவர் பிறந்து வளர்ந்தது செய்யாறு பக்கம் ஒரு கிராமம். ஏரிக்கரையில் நடந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று அடிக்கடி சொல்வார். பையனுக்கோ பறவை என்றால் பால்கனியை அசிங்கம் பண்ணும் புறா மட்டும்தான். அதனால் வேடந்தாங்கல் என்று முடிவு பண்ணினோம், ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் "அங்க ஒரு மணி நேரத்துக்கு மேல என்ன இருக்கு" என்று கேட்டு வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார். எத்தனை மணிக்குக் கிளம்பணும், காலையா மாலையா எது நல்லது, சாப்பாடு கிடைக்குமா, கழிப்பறை நிலவரம் என்ன, மிச்ச நேரத்துக்குப் பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்? சொந்தக் கார் இருக்கிறது, கணவர்தான் ஓட்டுவார். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்க்காகம்:

பதினைந்து வருஷமாக சீசன் தவறாமல் போகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால்தான் பறவை கூடு கட்டும். 2016-ல் மழை பொய்த்தது, அடுத்த தையில் நம்பிப் போய் ஏமாந்து திரும்பியவன் நான். போகும் வாரத்தில் செங்கல்பட்டுப் பக்கம் தெரிந்தவர் யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இந்த வருஷம் நல்ல மழை என்றால் தை மாதம் அருமையான நேரம், பல கூடுகளில் குஞ்சு இருக்கும்.

உங்கள் அலுவலக நண்பர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் வெயில் கண்ணைக் கூசும், பெரிய பறவைகள் பாதி இரை தேடப் போயிருக்கும், கூட்டில் இருப்பது அசையாமல் நிற்கும், பையன் பத்து நிமிஷத்தில் "போலாமா" என்பான். அதே இடத்துக்கு நாலு மணிக்கு மேல் போங்கள். சுற்றுவட்டார வயல், குளம் எல்லாவற்றிலும் மேய்ந்துவிட்டு வரிசை வரிசையாகத் திரும்பும். நத்தைகுத்தி நாரை மேலே வட்டமடித்து, சிறகை மடக்கிக்கொண்டு சரசரவென்று இறங்கும்போது சத்தம் காதில் விழும். ஐந்து ஐந்தரைக்கு மரமே வெள்ளையாகிவிடும். காலை ஆறு மணிக்கும் இதே அளவு நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு நீங்கள் நாலு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பணும். எழுபது வயதுப் பெரியவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்பேன்.

பையனுக்கு எல்லாப் பெயரையும் சொல்லித்தந்து களைக்கவைக்காதீர்கள், நாலு போதும். நத்தைகுத்தி: அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து உருவி எடுக்கத் தோதான அலகு. கரண்டிவாயன்: பெயரே சொல்லும், மூக்கு நுனி கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும், தண்ணீரில் இப்படியும் அப்படியும் துழாவும். கூழைக்கடா: தொண்டையில் பை தொங்கும் பெரிய ஆசாமி. அப்புறம் என் பெயர்க்காரன் நீர்க்காகம், முக்குளித்து எழுந்து சிறகை விரித்து வெயில் காய்வான், ஏனென்றால் அவன் இறகு வாத்து இறகு மாதிரி தண்ணீரை முழுசாகத் தள்ளாது, நனைந்துவிடும். இந்த நாலையும் தாங்களாகக் கண்டுபிடித்துவிட்டால் குழந்தைகள் நகரமாட்டார்கள். என் அக்கா பையனை ஆறு மணிக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

இன்னொன்று. எல்லாம் சைபீரியாவிலிருந்து வருகிறது என்று அங்கே யாராவது பக்கத்தில் நின்று அடித்துவிடுவார்கள். கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்தான். வெளிநாட்டிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை குளிருக்கு இங்கே ஒதுங்கி, தின்று கொழுத்துத் திரும்பிப் போகும், இங்கே கூடு கட்டாது.

பைனாகுலர் கட்டாயம். இல்லையென்றால் கடன் வாங்குங்கள். 8க்கு 42 என்று போட்டிருப்பது குழந்தை கைக்கும் ஆடாமல் நிற்கும். இருபது மடங்கு முப்பது மடங்கு என்று மலிவாக விற்பதை வாங்காதீர்கள், கை நடுங்கினால் ஒன்றும் தெரியாது. சிவப்பு, பளீர் மஞ்சள் சட்டை வேண்டாம். கரை மேல் சமதரையாகத்தான் நடை, உட்கார்ந்து பார்க்கவும் இடம் உண்டு, அம்மாவுக்குக் கஷ்டம் இருக்காது. கண்காணிப்புக் கோபுரம் மட்டும் படி ஏறணும், அவர் கீழேயே இருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

உத்திரமேரூர் பேரன்:

நீர்க்காகம் சொன்ன மாதிரி மாலையை வேடந்தாங்கலுக்கு ஒதுக்கிவிட்டால் காலை முழுக்கச் சும்மா கிடக்கிறது. அதை எங்கள் ஊருக்குக் கொடுங்கள். உத்திரமேரூரிலிருந்து வேடந்தாங்கல் முக்கால் மணி நேரம், கிராமச் சாலை, இரண்டு பக்கமும் வயல். தை மாதத்தில் ஒரு பக்கம் சம்பா அறுவடை, பக்கத்துக் கழனியிலேயே நவரை நடவு, இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். மாமியாருக்கு அதுதான் பிடிக்கும் என்று என் யூகம்.

வேளச்சேரியில் ஆறரைக்காவது கிளம்புங்கள். தாம்பரம், செங்கல்பட்டு தாண்டி, பாலாறு தாண்டி, புக்கத்துறை கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பினால் நேராக உத்திரமேரூர். ஒன்பதுக்குள் வந்துவிட்டால் நல்லது, காரணம் சுந்தரவரதப் பெருமாள் கோயில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பதினொன்றரைக்கு ஆடி அசைந்து வந்து பூட்டின கதவைக் கும்பிட்டுவிட்டுப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மூன்று அடுக்கில் சன்னிதி, ஒன்பது பெருமாள். மேல் அடுக்குக்குப் படி உண்டு, அம்மா கீழ்ச் சன்னிதியைச் சேவித்துவிட்டுப் பிராகாரத்தில் உட்காரட்டும்.

ஆனால் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வைகுண்டப் பெருமாள் கோயில். சின்னக் கோயில், பெரிய கோபுரம் என்று நினைத்துத் தேடினால் தாண்டிப் போய்விடுவீர்கள். குடவோலை பாடத்தில் படித்தோமே, அந்தக் கல்வெட்டு இதன் சுவரில்தான். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921 ஆம் ஆண்டுகள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் முறை அது. ஊரை 30 குடும்பாக, இப்போதைய வார்டு மாதிரி, பிரித்து, தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு. முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது, அவன் சொந்தக்காரர்கள் பெயரையும்தான். இந்தக் கடைசி விஷயத்தைப் படித்ததும் வருகிறவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம், இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை, வேதம் தெரிந்த ஆண்களுக்கு மட்டும், பெண்ணுக்கோ உழுதவனுக்கோ அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இதையும் சேர்த்துப் பையனிடம் சொல்லுங்கள்.

ஏரி வாரியம் என்றே தனியாக ஆறு பேர் இருந்தார்கள். அந்தப் பெரிய ஏரி இன்றும் இருக்கிறது, பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம். கல்வெட்டைப் படித்துவிட்டு ஏரிக்கரையில் வந்து நின்றால்தான் எதற்காக அவ்வளவு விதி என்று புரியும். அந்தத் தண்ணீரை நம்பித்தானே கீழே அத்தனை வயலும்.

சாப்பாடு: உத்திரமேரூரில் சாதாரண ஓட்டல்கள் இருக்கின்றன, காலை இட்லி பொங்கலுக்குக் குறையில்லை. மத்தியானத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், வேடந்தாங்கலில் வயிறார நல்ல சாப்பாடு எதிர்பார்க்காதீர்கள். சாப்பிட்டு மிஞ்சினதைக் கரையில் போடாதீர்கள், குரங்கு, நாய் எல்லாம் பழகிவிடும். கழிப்பறை விஷயத்தில், உங்களுக்குக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் முன்னால் ஒரு தடவை, உத்திரமேரூர் ஓட்டலில் ஒரு தடவை, சரணாலய வாசலில் ஒரு தடவை என்று வேண்டுமோ வேண்டாமோ போய்விடுங்கள்.

தார்ச்சாலையில் நெல் காயப்போட்டிருந்தால் அதன் மேல் வண்டியை ஏற்றாதீர்கள், ஓரமாக மெதுவாகப் போங்கள். நடவு நடும் பெண்களைப் படம் எடுக்கணும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். கேட்காமல் எடுத்தால் எங்கள் ஊர்த் தமிழ் முழுக்க ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

பைக் பாண்டி:

ஒரே நாளில் இரண்டு ஊர் வேண்டாம் என்பது என் கட்சி. மூட்டுவலிக்காரரை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, மாலை பறவை வரும் நேரத்துக்கு எல்லாரும் களைத்துப் போயிருப்பார்கள். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டு, பன்னிரண்டரைக்குக் கிளம்பி, நேரே படாளம் கூட்டுரோட்டில் திரும்பி வேடந்தாங்கல், ஆறுக்கு வீடு நோக்கி. அவ்வளவுதான்.

வீடு நோக்கி என்று சொன்னேனே, அதுதான் விஷயம். ஞாயிறு மாலை ஜிஎஸ்டி சாலையில், அதாவது சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், தென்மாவட்டம் முழுக்கத் திரும்பி வரும். பரனூர் சுங்கச்சாவடியில் ஆரம்பித்து சிங்கப்பெருமாள்கோயில், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் என்று ஊர்ந்துகொண்டே வரணும். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அங்கேயும் ஒரு தேக்கம். முடிந்தால் சனிக்கிழமை போங்கள். முடியாதென்றால் காரைத் தாம்பரத்தில் விட்டுவிட்டு மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து நாள் வாடகைக்கு ஒரு வண்டி. திரும்பும்போது ரயிலில் கால் நீட்டி உட்காரலாம், வீட்டுக்காரரும் ஓட்டிக் களைக்கமாட்டார்.

உத்திரமேரூர் பேரன்:

பாண்டி, மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பினால் அது கிராமத்துப் பயணம் இல்லை, சினிமாவுக்குப் போகிற மாதிரி. மாமியார் கேட்டது வயலும் ஏரிக்கரையும். உத்திரமேரூரில் இரண்டு கோயிலோடு நிறுத்திக்கொண்டு, ஏரிக்கரையில் மர நிழலில் பாய் விரித்து இரண்டு மணி நேரம் படுத்துவிட்டால் களைப்பு எங்கே வரும்?

ரயில் யோசனை தனியாளுக்குச் சரி. ஃப்ளாஸ்க், பாய், சாப்பாட்டுக் கூடையோடு பெரியவரை மின்சார ரயிலில் ஞாயிறு மாலை ஏற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கருங்குழி கணக்கு:

எனக்கு மதுராந்தகம் பக்கம்தான். எல்லாரும் வேடந்தாங்கலைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒரு கதை விட்டுப்போச்சு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து அங்கே நாரைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் சுடக்கூடாது என்று உத்தரவே வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் போடாமலே விளையும், அதனால் பறவை போனால் விளைச்சல் போச்சு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. பையன் சத்தம் போட்டால் ஊர்க்காரரே வந்து உஷ் என்பார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த உத்தரவு போட்ட கலெக்டர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையப் போன மழை இரவில் வில்லோடு இரண்டு பேர் கரையைக் காவல் காத்ததைப் பார்த்து, ஏரி காத்த ராமர் கோயிலில் தாயார் சன்னிதி கட்டிக்கொடுத்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்களே, அதே துரைதான். முதலாவது அரசாங்க உத்தரவு, இரண்டாவது எங்கள் பாட்டி சொன்ன கதை, அவரவர் விருப்பம்.

கூட்டம் பிடிக்காதென்றால் பத்துக் கிலோமீட்டர் பக்கத்தில் கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கூடுகள் வேடந்தாங்கல் அளவு இருக்காது, ஆனால் வாத்துக் கூட்டம் நிறைய வரும், ஆளும் குறைவு. 2022-ல் இரண்டு இடத்தையும் சேர்த்தே ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், போட்டார்கள்.

வேளச்சேரி மூணாவது மாடி:

எல்லாருக்கும் நன்றி. பேரன் சொன்ன வழிதான் என்று முடிவாகிவிட்டது, பாண்டி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு சந்தேகம், திரும்பும் நெரிசலைத் தவிர்க்க ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டால் என்ன?

நீர்க்காகம்:

அடப்பாவமே. ஐந்துக்குக் கிளம்புவது கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டும் முன்னால் எழுந்து வருவது மாதிரி. கடைசி வரை இருங்கள். நெரிசலில் எப்படியும் மாட்டத்தான் போகிறீர்கள், பறவை திரும்புவதைப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

வேளச்சேரி மூணாவது மாடி:

போய்விட்டு வந்தாச்சு. ஆறரை என்று சொல்லி ஏழேகாலுக்குக் கிளம்பினோம், பையன் ஒரு காலணியைத் தேடினதில். அப்படியும் நடை சாத்தும் முன்னால் சேவித்துவிட்டோம். குடவோலைக் கல்வெட்டைப் பையன் தடவப் போனான், தொடாதே என்று சொல்லிவிட்டு, குடத்தில் கைவிட்ட சின்னப் பையன் கதையைச் சொன்னேன். "அவனுக்கு எவ்வளவு குடுத்தாங்க" என்று கேட்டான். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மாமியார் ஏரிக்கரையில் பாயில் படுக்கவே இல்லை. சாலையோரம் நடவு நடந்துகொண்டிருந்த கழனியில் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டு நாற்று முடி என்ன ரகம், கூலி எவ்வளவு, இயந்திரம் வரலையா என்று ஒரு மணி நேரம் பேசினார். முட்டிவலி என்ற வார்த்தையே வரவில்லை, எழுந்திருக்கும்போதுதான் இரண்டு பெண்கள் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் வேடந்தாங்கல் போய்ச் சேர நாலேமுக்கால் ஆகிவிட்டது, நல்லவேளை ஐந்துக்குத் திரும்பும் யோசனையை நீங்கள் கொன்றுவிட்டீர்கள்.

பையன் நாலில் மூன்றைக் கண்டுபிடித்தான். கரண்டிவாயன் மட்டும் தூரத்தில் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கியது, கரண்டி தெரியவே இல்லை, அதற்காக இன்னொரு தடவை போகணுமாம். ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை, அந்த வாடை! காற்று நம் பக்கம் அடித்தால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாமியார் மட்டும் "எரு வாசனைதான, என்ன இப்போ" என்றார்.

திரும்பும் வழி பாண்டி சொன்னபடியே. ஆறே காலுக்குக் கிளம்பி வேளச்சேரி வர ஒன்பதே முக்கால்.

கடைசியாக ஒன்று. வழியில் மாமியார் ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கினார். அவர் அடுப்பில் சுடணும் என்கிறார், எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான். என்ன செய்வது?

கருங்குழி கணக்கு:

சுடுவதற்கு வழியில்லை என்றால் மேல்தோலை உரித்து, இரண்டு முனையையும் நறுக்கி, குக்கரில் உப்பும் கொஞ்சம் மஞ்சள் தூளும் போட்டு வேகவையுங்கள். வெந்ததும் நீளவாக்கில் பிளந்து நடுக்குருத்தை எடுத்துவிட்டு, நாரை உரித்து உரித்துச் சாப்பிட வேண்டியதுதான். வாசனைக்கு இரண்டு மிளகு தட்டிப் போட்டாலும் நன்றாக இருக்கும்.